விருந்துக்குப் போன நாத்தனார்

சலவைக் கூடத்துப் பெண்கள் அந்தக் கைப்பட்டைக்கு நாத்தனார் என்று பெயர் வைத்திருந்தார்கள். நிர்வாகம் வைத்த பெயர் பெட்டியின் மேல் வழவழப்பாக அச்சாகியிருந்தது. அது யார் வாயிலும் நுழையவில்லை. "கூடவே இருப்பா, ஒண்ணும் பேச மாட்டா, ஆனா நம்ம சங்கதி பூரா போக வேண்டிய எடத்துக்குப் போயிடும். வேற என்னன்னு கூப்பிடறது?" என்றாள் துவாலை மடிக்கும் அக்கா. அங்கே வேலை செய்த எல்லாருமே யாரோ ஒருத்திக்கு நாத்தனார்தான். இருந்தும் பெயர் ஒட்டிக்கொண்டது.

பட்டை வந்ததில் ஒரு நியாயமும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கோடையில் இஸ்திரி உருளைக்குப் பக்கத்தில் ஒருத்தி மயங்கிச் சரிந்தாள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் விரிப்புகளை ஈரத்தோடு உள்ளே இழுத்து, தேய்த்து, அந்தப் பக்கம் மொடமொடவென்று தள்ளுகிற உருளை அது. இந்தப் பக்கம் இரண்டு பேர் முனைகளைப் பிடித்து ஊட்ட வேண்டும். அந்தப் பக்கம் இரண்டு பேர் வாங்கி மடிக்க வேண்டும். விழுந்தவளின் கை உள்ளே போகாமல் தப்பியது அவளைப் பெற்றவர்கள் செய்த புண்ணியம். அதற்குப் பிறகுதான் ஆளுக்கொரு பட்டை வந்தது. நாடித் துடிப்பு, உடம்புச் சூடு, கை அசைவு எல்லாம் அதில் தெரியும். மேற்பார்வையாளர் கையில் ஒரு பலகை, அதில் ஒவ்வொரு பெண்ணும் ஒரு புள்ளி. நன்றாக இருந்தால் பச்சை, தளர்ந்தால் மஞ்சள், ஆபத்தென்றால் சிவப்பு. "பச்சையா இருங்கம்மா, எல்லாரும் பச்சையா இருங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் காலையில் சுற்றி வருவார். பச்சையண்ணன் என்று அவருக்கும் ஒரு பெயர் விழுந்தது. கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் வெறுக்கவாவது செய்யலாம்.

பிறகு வீட்டிலும் கழற்றக் கூடாது என்றார்கள். சரியாகத் தூங்காதவள் உருளைக்கு முன் நின்றால் ஆபத்தாம். கட்டாயம் எதுவும் இல்லை, விருப்பமுள்ளவர்கள் போட்டுக்கொள்ளலாம். போடாதவர்கள் உருளைப் பக்கம் வர வேண்டியதில்லை. அப்படி வராதவர்களுக்கு வேலை இருக்கும்போது சொல்லி அனுப்புவார்கள். சொல்லி அனுப்பி யாரும் திரும்பி வந்ததாகத் தெரியவில்லை.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்" என்று துவாலை அக்கா முணுமுணுத்தாள். முணுமுணுப்பைப் பட்டை பிடிக்காது என்பது எல்லாருடைய நம்பிக்கை.

எத்தனுக்கு எத்தன் உண்டு இல்லையா? வேலை நேரத்தில் கை அசையாமல் இருந்தால் அதுவும் மஞ்சள். அதனால் வயிற்று வலியில் ஒருத்தி விரிப்பு மூட்டை மேல் கொஞ்சம் சாய வேண்டுமென்றால், பட்டையைக் கழற்றிச் சூடு ஆறுவதற்குள் பக்கத்தில் இருப்பவள் கையில் மாட்டிவிடுவாள். ஒருத்தி கையில் இரண்டு நாத்தனார்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். அதற்கு "விருந்துக்கு அனுப்பறது" என்று பெயர். யாரும் யாருக்கும் மறுத்ததில்லை, காரணமும் கேட்டதில்லை.

இந்த வழக்கத்தை வீடு வரைக்கும் கொண்டு போனவள் ஒருத்திதான். கூடத்தில் அவளை நேர்கோடு என்பார்கள். அவள் ஊட்டும் விரிப்பு ஓரம் கோணாமல் போகும். வீட்டில் அவள் மருமகள்.

வீடு என்றால் ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையல் மூலை. சுவர் எவ்வளவு மெல்லியது என்றால், பக்கத்து வீட்டில் இருமினால் இவர்கள் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடலாம். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எங்கே எது நின்றாலும் எந்த நேரமும் அழைப்பு வரும். மாமியார் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பூண்டு உரித்துக் கொடுப்பவள். வெந்நீரில் போட்டு எடுத்து, ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து, விரலைக்கூடப் பார்க்காமல் உரிப்பாள். பூண்டு உரிக்கும்போது வாய் சும்மா இருக்காது. தெருவில் போகிறவர்கள் நின்று நாலு விஷயம் வாங்கிக்கொண்டு போவார்கள். சமீபத்தில் கழுத்து வலி என்று இரண்டு தலையணை அடுக்கிப் படுத்துக்கொண்டிருந்தாள். பிறகு மூன்றாக்கினாள். ஒரு நாளைக்கு வண்டி வண்டியாகத் தலையணை உறை பார்க்கும் மருமகள் அதை மட்டும் கவனிக்கவில்லை.

கவனிக்காததற்குக் காரணம் இருந்தது. அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது.

இதற்கு முன்னும் இரண்டு முறை இருந்தது, நிற்கவில்லை. முதல் தடவை மாமியார் சந்தோஷத்தில் பூண்டு மூட்டை கொண்டு வரும் வண்டிக்காரரிடம் சொல்ல, அவர் வண்டி போகிற தெருவெல்லாம் தெரிந்தது. கலைந்தபோது அத்தனை தெருவும் துக்கம் கேட்க வந்தது. தலைவலி மாத்திரை வாங்கப் போனவளிடம் மருந்துக் கடைக்காரர், "என்னம்மா, இப்படி ஆயிடுச்சே" என்றார். இரண்டாம் தடவையும் அதே கதை. ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. மூன்றாம் தடவை அவள் புருஷனிடம் மட்டும் சொன்னாள். "நானா சொல்ற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. அத்தைக்கும்தான்."

ஆனால் பட்டைக்கு என்ன செய்வது? தலையணை உறை மடித்துக்கொண்டிருந்த சின்னப் பெண் ஒருத்தியை ஒரு நாள் ஆபீஸுக்குக் கூப்பிட்டு, "என்னம்மா, நல்ல சேதியா?" என்று கேட்டார்கள். அவளுக்கே அப்போதுதான் தெரியும். தூக்கத்தில் நாடியும் சூடும் கொஞ்சம் ஏறியிருந்ததாம், அதை வைத்துச் சொல்லிவிட்டார்களாம். ஓய்வெடுத்துக்கொள் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். சொல்லி அனுப்புவார்கள் என்று அவள் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறாள். பகலில் பயமில்லை, உருளைச் சூட்டில் எல்லாருக்கும்தான் நாடி துள்ளும். தூக்கம்தான் காட்டிக்கொடுக்கும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

முதலில் புருஷன் கையில் கட்டினாள். அன்றைக்குப் பார்த்து எங்கோ லிஃப்ட் நின்று, அவன் கருவிப் பையோடு மாடி மாடியாக ஏறி இறங்கினான். காலையில் பச்சையண்ணன், "ராத்திரி எங்கம்மா ஓடினே? நாய் துரத்துச்சா?" என்று கேட்டார். நாய்தான் என்று சொல்லித் தப்பினாள். அன்று சாயங்காலமே மாமியாரிடம் போனாள்.

"அத்தை, இதைப் படுக்கறப்ப மட்டும் நீங்க போட்டுக்கறீங்களா? கை பூரா அரிக்குது. பட்டைக்குக் கீழ தோல் உரிஞ்சு வருது."

"கழட்டி வெச்சுட்டுத் தூங்கேன்."

"கழட்டினா செவப்பு காட்டும். உருளைக்கு நிக்க விட மாட்டாங்க."

"ஏன்டி, உன் நாத்தனாரை என் தலையில கட்டறியா? எனக்கு வாய்ச்ச நாத்தனார் ரெண்டு பேர்கிட்ட நான் பட்டது போதாதா?"

"இவ பேச மாட்டா அத்தை."

"பேசாதவளைத்தான் நம்பக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். பூண்டு நாற்றம் வீசும் கை, நகமெல்லாம் வெந்நீரில் ஊறி வெளுத்திருந்தது. மருமகள் பட்டையைக் கட்டினாள். அன்றிலிருந்து நாத்தனார் தினமும் மாமியாரிடம் விருந்துக்குப் போனாள். பலகையில் புள்ளி பச்சையாகவே இருப்பதாக மருமகள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் பச்சையண்ணன் உருளைக்கே வந்தார். இன்னொருத்தியை முனை பிடிக்கச் சொல்லிவிட்டு இவளைக் கண்ணாடி அறைக்குக் கூட்டிப் போனார். உள்ளே இருப்பவர்களைக் கூடத்தில் எல்லாரும் பார்க்கலாம், கேட்கத்தான் முடியாது.

"உக்காரும்மா. தண்ணி குடிக்கிறியா?"

அந்த அறையில் யாரையும் உட்காரச் சொன்னதில்லை. அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"இல்லைங்கண்ணா."

"தூக்கத்துல திடுக்குனு முழிப்பு வருதா?"

கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தாள். கை தானாக வயிற்றுப் பக்கம் போனது. பாதியில் நிறுத்தி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்ச நாளாவே உன் தூக்கம் சரியில்லைம்மா. நெஞ்சுத் துடிப்பு தாறுமாறா ஓடுது. நடுவுல மூச்சுத் திணறி எழுந்து உக்காந்திருக்கே. ஆபீஸ் டாக்டர் பாத்துட்டு, இருதயத்துல கோளாறு இருக்கலாம்னு எழுதியிருக்கார். இந்த நெஞ்சோட உன்னை எப்படி நான் உருளைக்கு முன்னாடி நிக்க வைப்பேன்?"

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. பிள்ளை இல்லை, இருதயம்தான். ஒரு மூச்சு இழுத்து விடுகிற அளவுக்கு அந்த நிம்மதி இருந்தது. அதற்குப் பிறகுதான் அது யாருடைய இருதயம் என்று புரிந்தது.

"அண்ணா, அது வந்து..."

"இரு." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்கல்லாம் விருந்துக்கு அனுப்பறது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதே. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கேன். ஆனா நீ வாயைத் திறந்து சொல்லிட்டேன்னா நான் எழுதியே ஆகணும். எழுதினா உன்னை வெளியில அனுப்பிடுவாங்க." கண்ணால் கூரை மூலையைக் காட்டினார். அங்கே ஒரு கறுப்புக் குமிழ், உரக்கப் பேசினால் அதையும் பிடிக்கும் கேமரா.

"சொல்லலேன்னா?"

"சொல்லலேன்னா இது உன் நெஞ்சு. ஆஸ்பத்திரி, ஓய்வு. வேலை இருக்கறப்ப சொல்லி அனுப்புவோம்."

"வேற வழியே இல்லையாண்ணா?"

அவர் இழுப்பறையிலிருந்து இன்னொரு பட்டையை எடுத்தார். பழையதைவிடத் தடிமன். பூட்டியபின் ஆபீஸில்தான் திறக்க முடியும். "இதைப் போட்டுக்கோ. தூங்கினா போதும். நெஞ்சு ஒழுங்கா ஓடுதுன்னு தெரிஞ்சா மறுபடி உருளைக்கு வந்துடலாம். இப்பவே வீட்டுக்குப் போ. எப்ப தூங்கினாலும் சரி, பகல்னாலும் அது எடுத்துக்கும்."

அவர் உதவி செய்வதாகத்தான் நினைத்தார். அதுதான் கொடுமை. முன்னே போனால் கடிக்கிறது, பின்னே போனால் உதைக்கிறது. மாமியார் நெஞ்சு என்று சொன்னால் திருட்டு. தன் நெஞ்சு என்றால் நோயாளி. நிரூபிக்கிறேன் என்றால் தூங்கியதும் வயிறு சொல்லிவிடும். அவள் கையை நீட்டினாள். நீட்டாமல் என்ன செய்வது? கொக்கி சின்னதாக ஒரு சத்தம் போட்டு மூடிக்கொண்டது.

"உன் வீட்டுக்காரருக்கும் சேதி போயிருக்கும்" என்றார். "பயந்துடப் போறாரு, ஒரு போன் பண்ணிடு."

"அவருக்கு எதுக்குண்ணா?"

"அவசரத்துக்குன்னு அவர் நம்பர்தானே குடுத்திருந்தே?"

பஸ்ஸில் நின்றபடியே கண் சொருகியது. இந்தத் தடவை வாந்தி கிடையாது, தூக்கம்தான். நின்றால் தூக்கம், உட்கார்ந்தால் தூக்கம். கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கடந்து போகும் கடைப் பலகைகளை மனசுக்குள் படித்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் மாமியார் பூண்டோடு உட்கார்ந்திருந்தாள். மழை ஈரத்தில் தொலி விரலோடு ஒட்டிக்கொண்டு அவளைப் படுத்தியது. "என்னடி இந்நேரத்துக்கு?" என்று கேட்டு முடிப்பதற்குள் மகன் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தான். கையெல்லாம் கிரீஸ்.

"உனக்கு நெஞ்சுல என்ன? லிஃப்டை ரெண்டு மாடிக்கு நடுவுல தொங்க விட்டுட்டு ஓடி வரேன்!"

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க."

"இதுல போட்டிருக்கு..." என்று போனைக் காட்டியவன், அவள் கண் போன இடத்தைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். வாய் மூடிக்கொண்டது.

"ரெண்டு பேரும் என்ன கண்ணால பேசிக்கறீங்க? வாயை வாடகைக்கா விட்டிருக்கீங்க?" என்றாள் மாமியார்.

மருமகள்தான் சொன்னாள். பட்டை சொன்னதை, டாக்டர் எழுதியதை, மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்ததுகூடப் பதிவாகியிருப்பதை. மாமியார் உரித்துக்கொண்டிருந்த பல்லைக் கீழே வைத்தாள்.

"காட்டு."

மகன் போனை நீட்டினான். கோடு ஒன்று மேலும் கீழும் ஏறி இறங்கி, சில இடங்களில் கிறுக்கியது போலக் கிடந்தது.

"இதா? இதுதான் என் நெஞ்சா?"

"ஆமாம்மா."

"அழிச்சிடு."

அவன் அழித்தான். "அழிச்சுட்டேம்மா."

"அவங்ககிட்ட இருக்கறதை?"

அவன் கையை விரித்தான். "அந்தப் பட்டை இல்லேன்னா உனக்கு இப்படி இருக்குன்னு தெரிஞ்சே இருக்காதேம்மா" என்றான்.

"எனக்குத் தெரியும்டா. உனக்குத்தான் தெரியாது."

"எத்தனை நாளா?"

"படுத்தா மூச்சு முட்டும், உக்காந்தா சரியாப் போயிடும். மூணு தலையணை எதுக்குன்னு நெனச்சே, மகாராணியா நான்? சொன்னா என்ன பண்ணுவே? பூண்டு மூட்டையை வாசலோட திருப்பி அனுப்புவே. எழுந்திருக்காதே, நடக்காதேம்பே. சொல்ற நாள் வந்தா நானே சொல்லிக்கலாம்னு வெச்சிருந்தேன். அதை நீங்க எப்படிடா எனக்கு முன்னாடி எடுத்துப் படிச்சீங்க?"

பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். கையைப் பிடித்து இழுத்து, புதுப் பட்டையைக் கட்டை விரலால் மேலே தள்ளி, கீழே இருந்த தோலைப் பார்த்தாள். தோல் நன்றாக இருந்தது.

"அரிப்புன்னு சொன்னே."

"அரிப்பு இல்லை அத்தை."

"பின்ன?"

மருமகள் புருஷனைப் பார்க்கவில்லை. "நான் தூங்கினதும் அவங்களுக்குத் தெரிஞ்சுடும். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடணும். நான் முழுகாம இருக்கேன்."

மாமியார் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே சுருங்கியது.

"அந்தச் சூட்டுலயா போய் நின்னே?"

"கொஞ்ச நாள்தான் அத்தை. வயித்துல இது கொஞ்சம் நின்னதும் மடிக்கற வேலைக்கு மாத்தச் சொல்லிக் கேக்கலாம்னு..."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"போன தடவை வண்டிக்காரர் வரைக்கும் போச்சு."

"ஆமா, சொன்னேன். சந்தோஷம் தாங்காம சொன்னேன்" என்றாள் மாமியார். "என் வாயில ஒண்ணும் நிக்காதுன்னு முடிவு பண்ணிட்டே. இத்தனை நாளா என் நெஞ்சைப் பத்தி ஒரு வார்த்தை விட்டிருப்பேனா? எனக்கும் வெச்சுக்கத் தெரியும்டி." சொல்லும்போது ஒரு பெருமைகூட இருந்தது. பிறகு குரல் உடைந்தது. "உன் வயித்தைக் காப்பாத்தறதுக்கு என் நெஞ்சைக் கொண்டு போய் அங்க குடுத்துட்டியே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

மருமகள் கேட்கவில்லை. யார் பார்வையிலும் படாமல் இருக்க வேண்டும் என்று ஓடியவள், ஓடுகிற அவசரத்தில் இன்னொருத்தியைப் பிடித்து முன்னால் நிறுத்திவிட்டாள். அது அவளுக்கே இப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் காது சுட்டது.

மகன் பையைத் திறந்து பட்டையின் கொக்கியை ஆராய்ந்தான். எத்தனையோ கதவுகளை நெம்பித் திறந்தவன். "வெட்டிடட்டுமா?"

"வெட்டினா செவப்பு."

"ஈரத் துணியைச் சுத்தினா?"

"அதுவும் செவப்புதான்."

அவன் போன் அடித்தது. தொங்கிக்கொண்டிருக்கும் லிஃப்டுக்கு ஆள் கேட்டார்கள். போக மனசில்லாமல் வாசலில் நின்றான். "போ, போய் அதையாவது எறக்கு" என்று அம்மா விரட்டினாள்.

இரண்டு பெண்களும் பூண்டுக்கு முன் உட்கார்ந்தார்கள். மருமகளும் ஒரு பிடி எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். தூங்கக் கூடாது என்பதற்காகத்தான். இன்றைக்குத் தூங்காமல் இருக்கலாம். நாளைக்கு? அதை யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. வெந்நீர்ச் சூடு, மழை, ஒரே மாதிரி வேலை. தலை முன்னால் சாய்ந்தது.

"ஏய், தூங்காதேடி" என்று மாமியார் தோளைத் தட்டினாள். "பேசு. எதையாவது பேசு."

"என்ன பேசறது அத்தை?"

"உன் பச்சையண்ணன் பொண்டாட்டி அவருக்கு என்ன பேர் வெச்சிருப்பா?"

மருமகள் சிரித்தாள். சிரித்த முகத்தோடே மறுபடி சாய்ந்தாள். மாமியார் மறுபடி தட்டினாள், முகத்தில் தண்ணீர் தெளித்தாள், சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டு டீ வைத்துக் கொடுத்தாள். டீயைக் கையில் வைத்துக்கொண்டே அவள் கண் மூடியது. டம்ளர் சரிந்து புடவையெல்லாம் டீ. திடுக்கிட்டு விழித்தவளின் கண் சிவந்து, உதடு வெளுத்திருந்தது. "தூங்கலை அத்தை, தூங்கலை" என்று சின்னப் பிள்ளை மாதிரி உளறினாள்.

மாமியார் தட்ட நீட்டிய கையை எடுத்துக்கொண்டாள். எழுந்து போய்த் தன் மூன்று தலையணைகளில் இரண்டைக் கொண்டு வந்து போட்டாள். நாலடி நடந்ததற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"படு."

"தூங்கிடுவேன் அத்தை."

"தூங்கத்தான் சொல்றேன். எத்தனை நாளைக்கு முழிச்சிருப்பே? உனக்கு முழிப்பு சரி, உள்ள இருக்கறது என்ன பாவம் பண்ணுச்சு?"

"வேலை போயிடும்."

"போகும்தான்." அவள் பொய் சொல்லவில்லை. "நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். என் வாயாலதான் சொல்லுவேன். அவங்க எழுதினதை நீ அங்க கொண்டு வந்து நீட்டாதே. வண்டிக்காரன்கிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன், பயப்படாதே. இப்ப படு."

மருமகள் படுத்தாள். பட்டை கட்டிய கையை முதலில் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்று தெரிந்தபின் வெளியே எடுத்துப் பக்கத்தில் போட்டாள். கண்ணை மூடினாள், ஒருமுறை திறந்து பார்த்தாள், பிறகு திறக்கவில்லை. மூச்சு நீளமாக வர ஆரம்பித்தது.

பட்டையில் சின்னப் பச்சைப் புள்ளி ஒன்று விட்டு விட்டு மினுக்கியது. மாமியார் ஒரு பூண்டுப் பல்லை உரித்துப் பாத்திரத்தில் போட்டாள். இன்னொன்றை எடுத்தவள் உரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு மருமகளின் மணிக்கட்டுப் பக்கம் குனிந்தாள். தூங்குகிறவள் விழித்துவிடாதபடி தணிந்த குரலில் சொன்னாள்:

"போடி. போய்ச் சொல்லு. எனக்கு அவ வாயாலயே சொல்லிட்டா. நீ ரெண்டாவதுதான்."